நூல்பாறையைத் தாண்டும் வரை

ஜனவரி 4, சனி

வனச்சரகர் முகுந்தன் கேட்ட பதிவேடு வேறு. எத்தனை மீட்டர் சுத்தம் செய்தோம், எங்கே தடுப்புச் சுவர் சரிந்திருக்கிறது, எங்கே காட்டுமாட்டுச் சாணம் கிடந்தது என்று அதில் எழுதி வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டும். இந்த நோட்டு எனக்கு. பள்ளியில் மிஞ்சிய வருகைப் பதிவு நோட்டு. முதல் இரண்டு பக்கத்தில் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. கிழிக்க மனம் வரவில்லை.

இன்று நானும் அமலாவும் வட்டப்பாறை அணைக்கரையிலிருந்து வேலையைத் தொடங்கினோம். மலை மேல் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள் குதிரையில் ஏறிப் போவதற்காக நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு வெட்டிய பாதை இது. அணை கட்டியபோது அடிவாரத்துப் பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. மிஞ்சியிருப்பது பதினான்கு கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டர் நீரை ஒட்டிச் சமதளமாகப் போகும். பிறகு எட்டு கிலோமீட்டர் ஏற்றம். மேலே தார்ச்சாலையில் போய் முடியும். நடப்பவர்களுக்கும் மலை சைக்கிள்காரர்களுக்கும் இதைத் திறந்துவிடலாமா என்று வனத்துறை யோசிக்கிறது. பிப்ரவரி 8 அன்று முதல் குழு, பன்னிரண்டு பேர். அது ஒழுங்காக நடந்தால் அடுத்த மழைக்காலம் முடிந்ததும் நிரந்தர அனுமதி. நடக்காவிட்டால் இந்தப் பேச்சே மறுபடி எழாது. பிப்ரவரி 17 முதல் காட்டுத்தீக் காலம் என்று காட்டை மூடிவிடுவார்கள்.

பதினோரு வருடமாக இந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறேன். அதிகாரிகளுக்கு மனு எழுதத் தொடங்கி ஆறு வருடம். வழிநடத்துபவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது: கௌமாரி, உடற்கல்வி ஆசிரியை. துணைக்கு அமலா. அவளுக்கு முப்பது வயது, வத்தலக்குண்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். பேசிக்கொண்டே, கண் வேறு எங்கோ இருக்க, ஒரு பிரேக்கைப் பிரித்து மாட்டிவிடுவாள்.

டிசம்பரில் நான் விழுந்த இடத்தைத் தாண்டினோம். முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்த வேர் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. அமலா அரிவாளை எடுத்தாள்.

"ஒங்க ஹெல்மெட்ட பொளந்த ஆளு இவருதானக்கா?"

"அவரேதான்."

நாலு வெட்டில் வேர் போய்விட்டது. ஹெல்மெட்தான் பிளந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது தரை கொஞ்சம் நகர்ந்தது. வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தேன்.

ஜனவரி 8, புதன்

இரண்டு தலையணை புதிதாக வாங்கினேன். முன்பிருந்த ஒன்றோடு சேர்த்து மூன்று. முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்தபடி தூங்கினால் கழுத்துக்கு நல்லது என்று எங்கோ படித்தேன். என் வீட்டுக்காரர் சுருளிவேல் பார்த்துவிட்டு, "என்னா, பஸ்ஸுல தூங்குற மாதிரி தூங்குற?" என்றார். கழுத்து வலி என்றேன். தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மனிதர். விரல்களில் எப்போதும் மை வாசம். கழுத்தில் எங்கே வலிக்கிறது என்று கேட்டார். ஒரு இடத்தைக் காட்டினேன்.

ஜனவரி 11, சனி

நீரை ஒட்டிய ஆறு கிலோமீட்டரும் முடிந்தது. அணையில் தண்ணீர் இறங்கியதால் பழைய மைல்கல் ஒன்று தலை காட்டுகிறது. எண் அழிந்துவிட்டது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் பாறையிலேயே குடைந்த குதிரைத் தொட்டி இருக்கிறது. உள்ளே இடுப்பு உயரத்துக்கு உண்ணிச்செடி. குனிந்து வெட்ட வேண்டும். நாலைந்து தரம் குனிந்து நிமிர்ந்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். அழகாக இருந்தது. அமலா தொட்டி முழுவதையும் தனியாகச் சுத்தம் செய்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு மூஞ்சி வெளுத்திருக்கு."

"வயசாகுதுல்ல."

"நாப்பத்திரண்டு எல்லாம் ஒரு வயசாக்கா?"

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். சங்கிலி சத்தம் போடுகிறது என்று சொன்னேன். அமலா தன் கடையில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லி அதை எடுத்துப் போயிருக்கிறாள். சங்கிலியில் கோளாறு ஒன்றும் இருக்காது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசலில் ஒட்டுக்கோலம் ஒட்டினேன், அதுவும் நின்றபடி, காலால் அழுத்தி. பக்கத்து வீட்டுக்காரி, "என்னா டீச்சர், இந்த வருசம் ரெடிமேடா?" என்று சிரித்தாள். மலையில் வேலை, நேரமில்லை என்றேன்.

சுருளிவேல் கோலத்தை ஒருதரம் பார்த்தார். பொங்கல் பானையை அவரே இறக்கினார். மேல்தட்டில் இருந்த வெல்ல டப்பாவை நான் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 16, வியாழன்

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். வேண்டாம்.

ஜனவரி 18, சனி

பிரேக் கட்டை வாங்க மதுரை போனேன். அமலா கடையிலேயே கிடைக்கும்தான். ஆனால் மதுரையில் நல்ல ரகம் கிடைக்கிறது.

அந்தக் கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஸ்கேன் மையம். உள்ளே போய் உட்கார்ந்தேன். டோக்கன் பதினேழு. டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்க முடியுமா என்று கேட்கலாம் என்றிருந்தேன். எதிரே ஒரு பெண், அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மாவின் சேலைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டப் பார்க்க, அவள் ஒவ்வொரு தரமும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டபோது எழுந்து வந்துவிட்டேன். கூட்டம் அதிகம்.

பிரேக் கட்டை நன்றாக இருக்கிறது.

ஜனவரி 25, சனி

முகுந்தன் சோதனைக்கு வந்தார். அவர், ஒரு காவலர், அமலா, நான். நால்வரும் சைக்கிளில்.

இந்தப் பாதையில் கவனமாகக் கடக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, ஒன்பதாவது கிலோமீட்டரில் இருக்கும் நூல்பாறை. இருநூறு மீட்டர் நீளம், மூன்றடி அகலம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் இருந்த கருங்கல் தடுப்பு பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. முந்நூறு அடிக்குக் கீழே அணைத் தண்ணீர். நான் அதில் நூறு தரமாவது சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். முகுந்தன் இறங்கி நின்று, "டீச்சர், இதுல ஆளுகள ஓட்ட விடலாமா, இல்ல தள்ளச் சொல்லணுமா?" என்று கேட்டார். மெதுவாக, வரிசையாக, நான் முன்னால் போனால் ஓட்டலாம் என்றேன். என்னைத்தான் அவர் நம்புகிறார். சரி என்று எழுதிக்கொண்டார்.

இறங்கித் தள்ளிக்கொண்டே பார்வையிட்டோம். பாதி தூரத்தில் அவர் மேலே கை காட்டி, "அது என்ன, பெருந்தேன் கூடா?" என்றார். அண்ணாந்து பார்த்தேன்.

பாறை சுற்றியது. வானம், பாறை, தண்ணீர், மறுபடி வானம். கண்ணை மூடிப் பாறையைக் கட்டிக்கொண்டேன். நல்ல வேளை, சைக்கிளில் இல்லை, நின்றுகொண்டிருந்தேன். அரை நிமிடம் இருக்கும். காலில் முள் ஏறிவிட்டது என்று சொன்னேன். முகுந்தன் குனிந்து பார்க்க வந்தார். எடுத்தாயிற்று என்றேன்.

அமலா பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பின்னாலேயே வந்தாள்.

முகுந்தன் கையெழுத்துப் போட்டுவிட்டார். சந்தோஷமான நாள்.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றம். கயிற்றை இழுப்பது எப்போதும் என் வேலை. இழுத்தேன். கொடி மேலே போய் விரிந்தது என்று பிள்ளைகளின் கைத்தட்டலை வைத்துத் தெரிந்துகொண்டேன். கம்பத்தின் அடியைப் பார்த்தபடியே சல்யூட் அடித்தேன். அடியில் சிமென்ட் வெடித்திருக்கிறது, பூச வேண்டும்.

பிப்ரவரி 1, சனி

அமலா வீட்டுக்கே வந்துவிட்டாள். சுருளிவேல் கடையில் இருந்தார். காபி கொடுத்தேன், தொடவில்லை.

"ஒங்க கால்ல முள்ளு ஏறலக்கா."

"ஏறுச்சு."

"ஷூ போட்டிருந்தீங்க."

காபியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டு வாட்டி கண்ணால பாத்துட்டேன். குனிஞ்சா உக்காந்துர்றீங்க, அண்ணாந்தா செவுத்தப் புடிக்கிறீங்க. டாக்டர்ட்ட போனீங்களா?"

"எட்டாந்தேதி முடியட்டும்."

"எட்டாந்தேதி பன்னெண்டு பேரு ஒங்க பின்னாடி வருவாங்க."

"எனக்குத் தெரியாதா? இந்தப் பாதைக்காக ஆறு வருசம் அலைஞ்சவ நான். நீ நேத்து வந்தவ. ஒனக்கு முன்னாடி போகணும்னா நேராச் சொல்லு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. எழுந்தாள். வாசலில் நின்று, "நான் வருவேன். ஒங்களத் தனியா விட முடியாது, அதுக்காக வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கு முன்னால் போக ஆசை. அது நிச்சயம்.

இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அமலாவைப் பற்றி முந்தாநாள் எழுதியது பொய். அவளுக்கு ஆசை என்ற வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அம்மாவுக்கு நாற்பத்துநான்கு வயதில் தலைச்சுற்றல் வந்தது. ரத்தக் குறைவு என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தோம். ஐந்து மாதம் கழித்துத்தான் மூளையில் கட்டி என்று தெரிந்தது. அதன்பின் ஒன்பது மாதம் இருந்தார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடைசி மூன்று மாதம் எங்கள் வீட்டில்தான் வைத்துப் பார்த்தோம். அம்மாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது சுருளிவேலின் வேலை. அம்மா அவரைக் கடைசியில் அடையாளம் தெரியாமல், "யாரு தம்பி நீங்க, நல்லா இருப்பீங்க" என்பார்.

மனிதருக்கு இன்னொரு தரம் அந்த வேலையைக் கொடுக்க முடியுமா?

எட்டாம் தேதி முடியட்டும். பாதை திறந்தாகிவிட்டால் பிறகு எது வேண்டுமானாலும் தெரியட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பன்னிரண்டு ஹெல்மெட், இரண்டு முதலுதவிப் பெட்டி, எட்டு டியூப், இரண்டு பம்ப், முப்பது வாழைப்பழம், கடலைமிட்டாய். எல்லாம் கட்டி வைத்தாயிற்று.

சுருளிவேல், "நாளைக்கு நானும் வரட்டா?" என்றார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சைக்கிள் ஓட்டத் தெரியாதவருக்கு மலையில் என்ன வேலை என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

பிப்ரவரி 8, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மதுரையிலிருந்து ஏழு பேர், திண்டுக்கல்லிலிருந்து ஐந்து பேர். முகுந்தனும் காவலரும் உடன் வந்தார்கள். நான் முன்னால், அமலா கடைசியில். நீரோரப் பாதையில் பனி இருந்தது. எல்லோரும் அந்த மைல்கல்லைப் படம் எடுத்தார்கள். சமதளத்தில் எனக்கு ஒன்றும் செய்யாது. நேராகப் பார்த்து ஓட்டினால் ஒன்றும் செய்யாது. இத்தனை நாளில் அதைப் பழகியிருந்தேன்.

குழுவில் மும்தாஜ் என்று ஒரு பல் மருத்துவர், ஐம்பது வயது இருக்கும். நாற்பத்தெட்டு வயதில்தான் சைக்கிள் கற்றுக்கொண்டாராம். ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலும் இறங்கித் தள்ள மறுத்தார். "எறங்குனா அப்புறம் ஏற மாட்டேன் மேடம், என்னப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஒன்பது மணி சுமாருக்கு நூல்பாறை. எல்லோரையும் நிறுத்தி, இடைவெளி விட்டு வர வேண்டும், பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்கக்கூடாது, கீழே பார்க்கக்கூடாது என்றெல்லாம் சொன்னேன். மும்தாஜ் எட்டிப் பார்த்துவிட்டார். முகம் மாறிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், எனக்கு ஒயரம்னா ரொம்ப பயம். நான் தண்ணிய பாக்க மாட்டேன், பாறைய பாக்க மாட்டேன். ஒங்க பின்சக்கரத்த மட்டும் பாத்துக்கிட்டே வர்றேன். நீங்க எங்க போறீங்களோ அங்கயே நானும் வந்துர்றேன்."

சரி என்று தலையாட்டினேன். காலைப் பெடலில் வைத்தேன்.

அந்தக் காலை அழுத்த முடியவில்லை. எனக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் எங்கே போகிறேனோ அங்கே. அந்த வார்த்தையைத் தவிர வேறு எதுவும் மண்டையில் இல்லை. காலைத் தரையில் ஊன்றினேன். சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டுத் திரும்பினேன்.

"ஒரு விசயம் சொல்லணும். எனக்கு ஏழு வாரமா தலை சுத்துது. இதே எடத்துல ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சுத்துச்சு. யாருக்கும் சொல்லல. நான் முன்னாடி போகக்கூடாது."

மதுரைக்காரர் ஒருவர், "இத கீழயே சொல்லியிருக்கலாமே மேடம்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

"சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

முகுந்தனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அமலா, முன்னாடி வாங்க" என்றார். "எல்லாரும் எறங்குங்க. சைக்கிள தண்ணிப்பக்கம் வச்சு, நீங்க பாறைப்பக்கமா தள்ளிக்கிட்டு வாங்க. இங்க யாரும் ஓட்ட வேணாம். டீச்சர் சைக்கிள காவலர் எடுத்துக்குவாரு."

அமலா பின்னாலிருந்து வந்தாள். என்னைத் தாண்டும்போது என் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள். அதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒவ்வொருவராகப் போனார்கள். நான் ஒரு கையால் பாறையைத் தடவிக்கொண்டே நடந்தேன். எனக்கு முன்னால் போன மும்தாஜ் திரும்பிப் பார்க்காமலே, "மேடம், இப்ப நீங்க என் முதுக பாத்துக்கிட்டு வாங்க. பச்சக் கலர் சட்ட, நல்லாத் தெரியும்" என்றார். அவருடைய குரல் நடுங்கியது. நடை நடுங்கவில்லை. இருநூறு மீட்டரும் அந்தப் பச்சைச் சட்டையைப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் போனதும் யாரோ கைத்தட்டினார்கள். மும்தாஜ் உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டார்.

மீதி ஐந்து கிலோமீட்டரும் அமலா கூட்டிப் போனாள். நன்றாகக் கூட்டிப் போனாள். தபால் ஓட்டக்காரர்கள் தங்கிய இடிந்த கொட்டடியில் நிறுத்தி, மூட்டையைச் சுமந்துகொண்டு அவர்கள் ஓடிய கதையைச் சொன்னாள். நான் அவளுக்குச் சொன்னதைவிட அதிகமாகவே சேர்த்துச் சொன்னாள். பன்னிரண்டு பேரும் மேலே தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குக் கீறல்கூட இல்லை.

மேலே காத்திருந்த ஜீப்பில் முகுந்தன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ரொம்ப தூரம் போன பிறகு, "அன்னிக்கி முள்ளுன்னு சொன்னீங்க, நான் குனிஞ்சு வேற பாத்தேன்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல டாக்டர பாருங்க" என்றார். அனுமதி பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாதை போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதை எழுதும்போது நெஞ்சு கனக்கவில்லை. ஏன் என்று புரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சுருளிவேலை உட்காரச் சொன்னேன். தலை சுற்றுவது, மதுரை, ஸ்கேன் மையம், எல்லாம் சொன்னேன்.

அவர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். "தெரியும்."

"எது தெரியும்?"

"ஒண்ணாந்தேதி சாயந்தரம் அமலா கடைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே தெரியும். மூணு தலவாணி. கோலம். பீரோ மேல இருக்கறத எடுக்க மாட்டேங்கிற. நான் என்ன குருடனா?"

"அப்ப ஏன் கேக்கல?"

மேசையில் சிந்தியிருந்த சட்னியை விரலால் துடைத்தார். "கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா அது நெசமாயிரும். ஒங்கம்மாவத் தூக்குன கை இது, கௌமாரி. ஒன்னயும்…" கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருபது வருடத்தில் இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. இருவரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நாளை காலை பத்து மணிக்குத் தேனியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் பெயர் பதிந்திருக்கிறார். நேற்றே பதிந்துவிட்டாராம், நான் மலையில் இருக்கும்போது. காது டாக்டர் எதற்கு என்று கேட்டேன். கடைக்கு நகல் எடுக்க வந்த செவிலியர் ஒருவர், குனிந்தால் சுற்றுகிறது என்றால் முதலில் அங்கே போங்கள் என்றாராம்.

பிப்ரவரி 10, திங்கள்

கையெழுத்து சரியாக வரவில்லை. சிரிப்பாக வருகிறது.

டாக்டர் பூர்ணிமா சின்னப் பெண். எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம், காது இரைகிறதா, தலை வலிக்கிறதா, கை கால் மரத்துப் போகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். படுக்கும்போது, குனியும்போது, அண்ணாந்தால், அரை நிமிடம், மற்றதெல்லாம் இல்லை. டிசம்பரில் விழுந்து ஹெல்மெட் பிளந்ததையும் சொன்னேன். விரலைத் தொடச் சொன்னார், கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலது பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது.

அறை ராட்டினமாகச் சுற்றியது. கத்திவிட்டேன். சுருளிவேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது.

"கண்ண மூடாதீங்க, மூடாதீங்க, என்னயே பாருங்க" என்றார் டாக்டர். "அவ்வளவுதான். நின்னுருச்சா? கண்டுபுடிச்சாச்சு."

"கட்டியா டாக்டர்?"

"கல்லு. காதுக்குள்ள பேலன்ஸ் பாக்குற எடத்துல பொடிப்பொடியா சுண்ணாம்புத் துகள் இருக்கும், எல்லாருக்கும் இருக்கும். நீங்க விழுந்து தலை அடிபட்டுச்சுல்ல, அப்ப எடம் மாறி ஒரு குழாய்க்குள்ள போயிருச்சு. தலைய ஆட்டுனா அது உருளுது. ஒலகமே சுத்துதுன்னு மூளை ஏமாந்துக்குது."

"எங்கம்மாவுக்கும் தலைசுத்தல்லதான் ஆரம்பிச்சுச்சு."

அம்மாவுக்கு வேறு என்னவெல்லாம் இருந்தது என்று கேட்டார். தலைவலி, காலையில் வாந்தி, இடது கை மரத்துப்போனது என்றேன். "இதுல ஒங்களுக்கு எது இருக்கு?" யோசித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஏழு வாரமாக இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டதில்லை.

"இதுக்கு என்ன மருந்து டாக்டர்?" என்றார் சுருளிவேல்.

"மருந்தே இல்ல சார்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர் சிரித்துவிட்டார். "மருந்து தேவையில்லன்னு சொன்னேன். குழாய் வளைஞ்சிருக்கற மாதிரியே தலையத் திருப்பித் திருப்பி, துகள வெளிய கொட்டிரணும். பத்து நிமிசம்."

தலையைத் தொங்கவிட்டு, இடது பக்கம் திருப்பி, உடம்போடு ஒருக்களித்து, பிறகு எழுந்து உட்கார்ந்து. சுற்றியது, நின்றது. பதினைந்து நிமிடம் வெளியே உட்கார வைத்தார். மறுபடி உள்ளே கூப்பிட்டு மல்லாக்கச் சாய்த்தார். கூரை மின்விசிறி தெரிந்தது. அது ஓடவில்லை. அறையும் ஓடவில்லை. அந்த மின்விசிறியில் எவ்வளவு தூசி என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். டாக்டர் எழுந்திருக்கச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

விழுந்தபோது தலை அடிபட்டதால் ஒரு ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். திரும்பவும் வந்தாலும் வரலாம், வந்தால் மறைக்காமல் வாருங்கள் என்றார். அந்த 'மறைக்காமல்' என்னைப் பார்த்துச் சொன்னதா சுருளிவேலைப் பார்த்துச் சொன்னதா தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஸ்கேன் அறிக்கை வந்தது. சுருளிவேல் அதை ஸ்கேன் மையத்து நடைபாதையிலேயே நின்று வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். "பாதி புரியல. ஆனா 'நார்மல்'னு மூணு எடத்துல போட்டிருக்கு" என்றார். கடைக்குப் போய் நான்கு நகல் எடுத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், இருக்கட்டும் என்கிறார்.

அமலாவுக்குப் போன் செய்தேன். "காதுல கல்லா? இதுக்கா என்னைய அந்தப் பேச்சுப் பேசுனீங்க?" என்று கத்தினாள். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடுங்கக்கா" என்றாள். குரல் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆகும்.

பிப்ரவரி 13, வியாழன்

முகுந்தனிடமிருந்து கடிதம். மழைக்காலம் முடிந்து, அடுத்த ஜனவரி முதல் அனுமதி. மூன்று நிபந்தனைகள்: நூல்பாறையில் யாரும் ஓட்டக்கூடாது, எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஜனவரிக்குள் தடுப்புச் சுவர் சீராக வேண்டும். வழிநடத்துபவர்கள் இருவரும் ஒவ்வொரு பருவமும் மருத்துவச் சான்று தர வேண்டும்.

அடியில் பேனாவால் ஒரு வரி: 'நீங்கள் அன்று நிறுத்தியிருக்காவிட்டால் இதில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.'

வழிநடத்துபவர் என்ற இடத்தில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் போடச் சொல்லி அவருக்குப் பதில் எழுதினேன். அமலாவின் பெயர் முதலில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாளை காடு மூடுகிறார்கள். சுருளிவேல் காலையில் பேன்ட் முனையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒனக்குத் தெரியாம ஒரு வாரமா மைதானத்துல கத்துக்கிட்டிருக்கேன். அமலா சைக்கிள் குடுத்துச்சு."

வீட்டில் இனி யாரும் எதையும் மறைக்கக்கூடாது என்று பேசி ஒரு வாரம்கூட ஆகவில்லை. திட்ட நினைத்தேன். அவர் ஹெல்மெட்டை முன்பின்னாகப் போட்டிருந்ததைப் பார்த்ததும் முடியவில்லை.

நீரோரப் பாதையில் அவர் முன்னால் போனார். நான் பின்னால். ஒரு கிலோமீட்டர் வரை நன்றாகவே போனார். முழங்கையை விறைத்துக்கொண்டு, யாரோ நகல் எடுக்கக் கொடுத்த முக்கியமான தாளைக் கசங்காமல் கொண்டுபோவது போலக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். "பிரேக், பிரேக்!" என்று நான் கத்த, அவர் "எது? எது?" என்று கத்த, பாதை இடது பக்கம் திரும்பியது. அவர் திரும்பவில்லை. நேராகக் கரையிறங்கி, முட்டளவு சேற்றில் சைக்கிளோடு சாய்ந்தார்.

என் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். சேற்றில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் சேறு, மீசையில் சேறு. ஒரு கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"பயப்படாத. தல சுத்தல. எனக்கு ஓட்டத் தெரியல, அதான் விழுந்தேன்."

நானும் சேற்றில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இருவரும் சிரித்த சிரிப்பில் தண்ணீரோரம் நின்ற கொக்குகள் எல்லாம் எழுந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டன.